எம்எக்ஸ்-5: புதுக் கூரை எட்டவில்லை, உள்ளே தண்ணீர்
நண்பரே, கூரையை மடக்கித் திறக்கும் உங்கள் 1992 மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு, பின் ஜன்னலில் ஜிப் வைத்த புது வினைல் கூரை போட்டிருக்கிறீர்கள். முன் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் கொக்கி ஒரு அங்குலம் எட்டவில்லை, மழை பெய்தால் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் ஊறுகிறது என்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எட்டாததற்குப் பயப்பட வேண்டாம். புது வினைல் விறைப்பாகத்தான் இருக்கும். வண்டியை நல்ல வெயிலில் விட்டு, பின் ஜன்னல் ஜிப்பைத் திறந்துவிட்டுக் கொக்கியை மாட்டுங்கள். அப்புறம் ஜிப்பை மூடலாம். சில நாள் கூரையை மடக்கவே மடக்காதீர்கள். தானாகத் தளர்ந்து கொடுக்கும். துணியை வெட்டி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தண்ணீர்தான் உண்மையான தலைவலி. கூரையின் பின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் மழைக்காடி இருக்கிறது. துணியில் வழியும் நீரைப் பிடித்து, இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் தூண்களின் அருகே உள்ள வடிகால் துளைகளில் இறக்குவது அதன் வேலை. பழைய காடியையே திரும்பப் போட்டிருந்தால் மூலைகளில் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், விரிசல் அங்கேதான் விழும். காடி சரியென்றால், துளையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால், வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் குப்பை அடைத்திருக்கிறது. கூர்மையான கம்பியால் குத்தினால் துளைக்குக் கீழே போகும் வடிகால் குழாய் கிழியும். வளையும் நைலான் பட்டை போதும்.

இதற்குப் பிறகும் ஒழுகினால், காடியை அழுத்தும் உலோகப் பட்டைகளின் 10 மி.மீ. நட்டுகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.