மூன்று வருடம் வேண்டாமா? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இண்டியானா பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை) அணியின் 2024 சீசனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகன் அங்கேதான் படிக்கிறான். வீடியோ காலில் வந்தாலே கோச் சிக்னெட்டி புராணம்தான். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கபடியோ வாலிபாலோ, ஒரு டீம் தேற மூன்று வருடமாவது ஆகும். முந்தைய வருடம் 12 ஆட்டங்களில் 9 தோற்ற அணி, கோச் மாறியதும் 11 ஜெயித்தது என்றால் எப்படி? மற்ற கல்லூரிகள் வளர்த்த பையன்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார் என்கிறார்கள். இதில் அவருடைய சாமர்த்தியம் எங்கே இருக்கிறது? இது நியாயம்தானா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் மூன்று வருடக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. கர்ட் சிக்னெட்டி எடுத்துக்கொண்டது அதைவிட அதிகம், பதின்மூன்று வருடம். அவர் இண்டியானாவுக்குத்தான் புதியவர்.

2007 முதல் 2010 வரை அலபாமா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2009இல் அந்த அணி தேசிய சாம்பியன். அங்கேயே சௌகரியமாக இருந்திருக்கலாம். ஆனால் ஐம்பதை நெருங்கும் வயதில் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பென்சில்வேனியாவில் அவருடைய அப்பா முன்பு பயிற்றுவித்த ஒரு இரண்டாம் டிவிஷன் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அப்புறம் ஈலான் பல்கலைக்கழகம், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். எந்த சீசனிலும் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சவில்லை. 2023 நவம்பர் கடைசியில் இண்டியானா அழைத்தபோது வயது 62. அடுத்த மாதம் நிருபர்களிடம் "நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்" என்றார். திமிர்தான். ஆனால் தேடிப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது பொய்யாகப் படவில்லை.

அவர் போய்ச் சேர்ந்த இடமோ, பாஸ்கெட்பாலில் ஐந்து தேசியப் பட்டங்கள் வென்ற ஊர். ஃபுட்பாலில் அங்கே யாரும் பெரிதாக எதிர்பார்த்ததில்லை. நூறு வருடங்களுக்கு மேல் ஆடியும் அதுவரை அந்த அணி ஒரு சீசனில் ஒன்பது வெற்றியைத் தாண்டியதே இல்லை. அந்த ஒன்பதும் 1945, 1967 என்று இரண்டே முறை.

அள்ளிக்கொண்டு வந்தார் என்பது உண்மை. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து மட்டும் 13 வீரர்கள் வந்தார்கள். தாக்குதலுக்கும் தடுப்புக்கும் பொறுப்பான இரண்டு பயிற்சியாளர்களும் கூடவே வந்தார்கள். கல்யாணத்துக்கு மாஸ்டரைப் பேசினால் அவர் தன் ஆட்களோடு வந்து இறங்குவதில்லையா, அப்படி. முன்பெல்லாம் கல்லூரி மாறும் வீரர் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் அந்த விதி தளர்ந்தது. அதே வருடம் வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் வாங்கவும் அனுமதி கிடைத்தது.

ஆனால் இந்தக் கதவு எல்லோருக்கும்தான் திறந்திருந்தது. 2023இல் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த கோச் டியான் சாண்டர்ஸ் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெளி வீரர்களைச் சேர்த்தார். முதல் சீசனில் 4 வெற்றி, 8 தோல்வி. ஆகவே அள்ளுவது மட்டும் போதாது, எதை அள்ளுகிறோம் என்பதும் இருக்கிறது. சிக்னெட்டி உயரம், எடை, பள்ளிக்காலப் புகழ் இவற்றைவிட, கல்லூரிக் களத்தில் ஏற்கெனவே என்ன செய்து காட்டியிருக்கிறான் என்று பார்த்தார். டி'ஆஞ்சலோ பாண்ட்ஸ் இந்த ஆட்டத்துக்குக் குள்ளமான பையன். பெரிய அணிகளில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை அவன் மடக்கியதை உங்கள் மகன் சொல்லியிருப்பான். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் கர்ட்டிஸ் ரூர்க் கனடாக்காரர், ஓஹியோ பல்கலைக்கழகத்தில் ஆடியவர் (ஓஹியோ ஸ்டேட் வேறு, அது பெரிய இடம்). அவர் அந்த சீசன் முழுக்க முழங்கால் ஜவ்வு கிழிந்த நிலையில் ஆடினார் என்பது சீசன் முடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. இதைப் பாராட்டுவதா பதறுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்களாக இருந்தால் ஒரு மாணவனை அப்படி இறக்கியிருப்பீர்களா?

எதிரணிகள் சுலபமானவை என்றும் சிலர் சொல்வார்கள். பாதி சரி. வெஸ்டர்ன் இல்லினாயை 77-3 என்று அடித்ததையெல்லாம் நானும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நெப்ராஸ்காவை 56-7 என்றும், முந்தைய வருடத்து சாம்பியன் மிச்சிகனை 20-15 என்றும் வென்றார்கள். மிச்சிகன் அதற்குள் இளைத்துப்போன அணி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்துக்குப் பத்து ஜெயித்த பிறகு ஓஹியோ ஸ்டேட்டிடம் 38-15 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த வாரமே பரம வைரி பர்டியூவை 66-0. தேசியப் பட்டத்துக்காக, முதல்முறையாக 12 அணிகளுடன் நடந்த பிளேஆஃப் எனும் நாக்-அவுட் போட்டியில் நோட்டர் டேமிடம் 27-17 என்று தோல்வி. கடைசி நேரத்தில் எடுத்த புள்ளிகளால்தான் அந்த ஸ்கோர் பார்க்கிற மாதிரி இருந்தது. மொத்தத்தில் இரண்டே தோல்வி. அந்த இரண்டு அணிகளும்தான் பிறகு தேசிய இறுதி ஆட்டத்தில் மோதின.

அடுத்த சீசன் உங்களுக்குத் தெரிந்ததே. 16 ஆட்டம், 16 வெற்றி, பட்டம்.

நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். விதிப்படி சரி. ஆனால் ஜேம்ஸ் மேடிசன் பக்கமிருந்து பார்த்தால் கசக்கும். 2023இல் அவர்கள் 12 ஆட்டங்களில் 11 ஜெயித்திருந்தார்கள். சீசன் கடைசியில் பவுல் என்கிற கௌரவ ஆட்டம் ஒன்றே ஒன்று பாக்கி. அதற்குள் கோச் கிளம்பிவிட்டார், அவர்கள் அவர் இல்லாமலே ஆடித் தோற்றார்கள். உங்கள் கோபம் அந்தக் கல்லூரிக்காக என்றால் நானும் உங்கள் கட்சி. ஆனால் அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஹோலி கிராஸ் கல்லூரியிலிருந்து பாப் செஸ்னியைக் கூட்டிவந்து, இரண்டே சீசனில் அவர்களும் பிளேஆஃபுக்குப் போனார்கள். அந்தச் செஸ்னியையும் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் கூட்டிக்கொண்டு போய்விட்டது.