வாரத்தில் ஆறு நாள் ஹோட்டல் சாப்பாடு: எடையை எப்படிக் குறைப்பது?

கேள்வி: எனக்கு வயது 38. விதை, உரம் விற்கும் கம்பெனியில் சேல்ஸ் ஆபீசர். வீடு மதுரையில். திங்கள் முதல் சனி வரை திண்டுக்கல், கரூர், திருச்சி, புதுக்கோட்டை என்று பைக்கிலும் பஸ்ஸிலும் சுற்றுகிற வேலை. மூன்று வேளையும் ஹோட்டல்தான். ஐந்து வருடத்துக்கு முன் இந்த வேலையில் சேர்ந்தபோது 70 கிலோ இருந்தேன், இப்போது 79. உயரம் 170 செ.மீ. போன மாதம் எடுத்த டெஸ்டில் மூன்று மாதச் சர்க்கரை சராசரி (எச்பிஏ1சி) 6.0. 'வெளியே சாப்பிடுவதை நிறுத்துங்கள்' என்கிறார் டாக்டர். நிறுத்தினால் பட்டினிதான் கிடக்க வேண்டும். நண்பர்கள் சாலட் சாப்பிடச் சொல்கிறார்கள். கரூரில் மதியம் இரண்டு மணிக்கு சாலட்டுக்கு நான் எங்கே போவேன்? ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டே எடையைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. சாலட்டைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் இப்போது போகிற அதே ஹோட்டல்களில், அதே மேஜையில் உட்கார்ந்து செய்யக்கூடியதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் உங்கள் எண்களைப் பார்த்துவிடலாம். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டால் உங்கள் பிஎம்ஐ 27.3 வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதால் நமக்கு அளவுகோல் கடுமை. ஒரு டேப் எடுத்து இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள்.

இங்கிருந்து திரும்பி வர முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இப்படி எல்லைக்கோட்டில் இருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டில் மாற்றம், தினமும் அரை மணி நேர நடை, இவ்வளவுதான். சர்க்கரை நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்காமலே இந்தப் பலன் கிடைத்தது. எடை மெஷின் மெதுவாக நகர்ந்தாலும் உள்ளே வேலை நடக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, ஒன்பது கிலோ எங்கிருந்து வந்தது? நீங்கள் தினமும் விருந்து சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. உடம்பு செலவழிப்பதைவிட தினம் 200 கலோரிக்குக் கொஞ்சம் மேல் உள்ளே போனாலே போதும், சில வருடங்களில் இவ்வளவு எடை ஏறி அங்கேயே நின்றுவிடும். 200 கலோரி என்பது ஒரு பரோட்டாவைவிடக் குறைவு. கிட்டத்தட்ட ஒன்றரை மெதுவடை. ஆக, சாப்பாட்டையே தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. ஏறியதை இறக்கவும் வேண்டும் என்பதால், நாளொன்றுக்கு 300, 400 கலோரி எந்தெந்த ஓட்டை வழியாக நுழைகிறது என்று பார்த்து அதை அடைக்க வேண்டும். உங்களைப் போலச் சுற்றுகிற வேலையில் இருப்பவர்கள் பலரை நான் பார்க்கிறேன். ஓட்டைகள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் இருக்கின்றன.

யாரும் கணக்கில் சேர்க்காத டீயிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தொழிலில் ஒரு கடைக்குள் போனால் முதலாளி முதலில் சொல்வது, 'தம்பி, சாருக்கு ஒரு டீ'. மறுத்தால் மரியாதையாக இருக்காது. காலையிலிருந்து மாலைக்குள் ஐந்தாறு டீ ஆகிவிடும். இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் பாலும் சேர்ந்தால் ஒரு டீ சுமார் 80 கலோரி. ஐந்து டீ என்றால் 400. அதோடு வரும் பிஸ்கட்டையும் பஜ்ஜியையும் நான் சேர்க்கவே இல்லை. 'சர்க்கரை கம்மியா' என்று சொல்லாதீர்கள். கம்மி என்பது டீ மாஸ்டரின் கையைப் பொறுத்தது. 'சர்க்கரை போடாம' என்று சொல்லுங்கள். முதல் வாரம் மருந்து குடிப்பது போலத்தான் இருக்கும், அப்புறம் பழகிவிடும். மூன்றாவது கடைக்குப் பிறகு கட்டஞ்சாயா, மோர், தண்ணீர் எதையாவது கேளுங்கள். 'சுகர் பார்டர்ல இருக்கு' என்று ஒரு முறை சொல்லிவிட்டால் கடைக்காரர்கள் அடுத்த முறை அவர்களாகவே நினைவு வைத்துக்கொள்வார்கள். அவர்களில் பாதிப் பேருக்கும் அதே பார்டர்தான். மதுரைக்காரர் என்பதால் ஜிகர்தண்டாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மாதம் ஒன்று குடியுங்கள்.

அடுத்தது எண்ணெய். மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, சமையலில் ஊற்றும் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராமுக்குள், அதாவது இரண்டு மேஜைக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். அடுத்த முறை தோசைக்கல் தெரிகிற மாதிரி உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் ஸ்பூனில் விடுவதை மாஸ்டர் குவளையிலிருந்து ஊற்றுகிறார். ஓரத்தைச் சுற்றி ஒன்று, நடுவில் ஒன்று, முறுகலாக வர இன்னொன்று. நெய் ரோஸ்ட் என்றால் எடுக்கும்போது மேலே ஒரு கரண்டி. நாளைக்குரிய எண்ணெயில் பெரும்பகுதி அந்த ஒரே தோசையில் முடிந்துபோகும். எனக்கும் நெய் ரோஸ்ட் பிடிக்கும், அதன் வாசனையை யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வாரத்துக்கு ஆறு நாள் சாப்பிடுகிற பண்டம் அல்ல. 'கல்தோசை, எண்ணெய் கம்மியா' என்று சொன்னால் எந்த மாஸ்டரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த விஷயத்தில் கம்மி என்ற சொல் வேலை செய்கிறது, ஏனென்றால் அவருக்கு எண்ணெய் மிச்சம்.

காலை டிபனுக்கு அதிகம் சொல்ல எதுவும் இல்லை. மூன்று இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி. பொடிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம், சாம்பாரில் தொட்டுக்கொள்ளுங்கள். கூட ஒரு முட்டை கிடைத்தால் நல்லது. பொங்கல் வடை, பூரி கிழங்கு இரண்டையும் வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்துங்கள். பொங்கல் சாப்பிட்டதும் வருகிற அந்தத் தூக்கத்தோடு பைக் ஓட்ட வேண்டாம் என்பது தனிக் காரணம்.

மதியச் சாப்பாடுதான் பெரிய விஷயம். இலை போட்டு முழுச் சாப்பாடு வாங்கும்போது என்ன நடக்கிறது? சாம்பாருக்கு ஒரு முறை சாதம், வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. ஒரு கப் சாதம் சுமார் 200 கலோரி. சப்ளையர் வைக்கிற ஒரு குவியல் பெரும்பாலும் ஒரு கப்புக்கு மேலேயே இருக்கும். நான்கு சுற்றில் சாதம் மட்டுமே 800-ஐத் தாண்டும். பொரியல் இலையின் ஓரத்தில் எலுமிச்சை அளவு. பருப்பு சாம்பாரில் எங்கோ அடியில். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2025-இல் சொன்னது. ஹோட்டல் இலையைப் பார்த்தால் அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று புரிந்துவிடும். இப்படிச் சாப்பிட்டால் வயிறு உடனே நிறையும், நான்கு மணிக்கு மறுபடி பசிக்கும். அப்போதுதான் பஜ்ஜிக் கடை கண்ணில் படும்.

முதல் வழி, அளவுச் சாப்பாடு வாங்குவது. ஒரு கிண்ணம் சாதம், அதோடு நின்றுவிடும். காசும் குறைவு. அளவுச் சாப்பாடு இல்லாத ஊரில் முழுச் சாப்பாடுதான் என்றால், பலரும் மறந்துபோகிற ஓர் உரிமை உங்களுக்கு இருக்கிறது: அங்கே சாதம் மட்டுமல்ல, கூட்டும் பொரியலும்கூட கேட்கக் கேட்க வைப்பார்கள். உட்கார்ந்ததும் சாதத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, 'அண்ணே, முதல்ல பொரியலும் கூட்டும் நல்லா வைங்க' என்று கேளுங்கள். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு சாதத்துக்கு வாருங்கள். காயும் புரதமும் முதலில், சாதம் அப்புறம் என்கிற வரிசைக்கே சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது. சாதம் இரண்டு சுற்றோடு போதும். எந்த இரண்டு குழம்புக்கு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. அப்பளம் ஒன்று. பாயசத்தை ருசி பார்த்துவிட்டு வைத்துவிடலாம்.

இலையை எப்போது மூடுவது என்பதும் முக்கியம். சாத வாளி மூன்றாவது முறை உங்கள் வரிசைக்கு வருவதற்கு முன் மூடிவிடுங்கள். திறந்த இலையைப் பார்த்துக்கொண்டு 'வேண்டாம்' என்று சொன்னால் சப்ளையர் நம்பமாட்டார். 'கொஞ்சம்... கொஞ்சம்தான் சார்' என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல். மெஸ்ஸில் மீன் குழம்புத் துண்டு, கல்லில் போட்ட மீன், பெப்பர் சிக்கன், ஆம்லெட், அவித்த முட்டை இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். சிக்கன் 65 மாதிரி எண்ணெயில் முங்கிப் பொரிந்தது வேண்டாம். மட்டன் குழம்பில் துண்டை எடுத்துக்கொண்டு, மேலே மிதக்கிற எண்ணெயைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். சைவம் என்றால் கூடுதல் கூட்டு, தயிர், மாலையில் சுண்டல்.

அந்த மாலைச் சுண்டலை அசைவக்காரர்களுக்கும் சொல்கிறேன். ஐந்தரை, ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ சாப்பிட்டுவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் எந்தப் பசியோடு ஹோட்டலுக்குள் நுழைகிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஆறு மணிதான்.

ராத்திரி என்றதும் உங்கள் பக்கத்து ஊர்களில் பரோட்டாதான். கல்லில் அடுக்கித் தட்டி உதிர்த்த மைதா, மாவு பிசையும்போது எண்ணெய், ஊறவைக்கும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், சுடும்போது எண்ணெய். ஒன்று 250 கலோரிக்குக் குறையாது. மூன்று பரோட்டா, சால்னா, ஒரு முட்டை மசாலா என்றால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதைச் சாப்பிட்டுவிட்டு லாட்ஜில் போய்ப் படுத்துவிடுவீர்கள். கொத்து பரோட்டாவில் முட்டை சேர்ந்திருப்பதால் தேவலை என்று சிலர் நினைக்கிறார்கள். அதே பரோட்டாக்களை மறுபடி எண்ணெயில் போட்டுக் கொத்தியதுதான் அது. பரோட்டாவை அறவே விட்டுவிடுங்கள் என்று சொன்னால் நீங்கள் ஒரு மாதம் விட்டுவிட்டு அப்புறம் மொத்தமாகச் சேர்த்துச் சாப்பிடுவீர்கள். ஆகவே வாரத்தில் ஒரு ராத்திரி, இரண்டு பரோட்டா, சால்னாவில் குளிப்பாட்டாமல். மற்ற ராத்திரிகளில் அதே கடையில் இட்லி, இடியாப்பம், கல்தோசை இருக்கும். அவற்றில் ஒன்றோடு கலக்கியோ ஆம்லெட்டோ ஒரு சுக்காவோ வாங்குங்கள். சப்பாத்தியை நம்பி மோசம் போகாதீர்கள். எண்ணெய் இல்லாமல் போடச் சொல்லாவிட்டால் பல கடைகளில் அது பரோட்டாவின் தம்பிதான்.

டீலர் மீட்டிங் பஃபேயில் தட்டை எடுப்பதற்கு முன் ஒரு முறை முழு வரிசையையும் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். வேண்டியதை மட்டும் ஒரே தட்டில் எடுத்துக்கொண்டு பஃபே மேஜையிலிருந்து தள்ளி உட்காருங்கள். மது அருந்துவீர்கள் என்றால் அதிலும் கிராமுக்கு 7 கலோரி, கூட வருகிற சைட் டிஷ் தனி. பெரிய ஊரில் சங்கிலித் தொடர் உணவகங்களுக்குப் போனால் மெனுவில் கலோரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருப்பவர்கள் அதைக் காட்ட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இரண்டு மூன்று முறை பார்த்தாலே கண் பழகிவிடும், போர்டு இல்லாத கடையிலும் உதவும்.

சாப்பிட்டதும் பைக்கில் ஏறாதீர்கள். மதியமும் ராத்திரியும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று, கடைவீதியை ஒரு சுற்று. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இந்தச் சிறு நடை நன்றாகவே குறைக்கும். இரண்டு வேளையும் பதினைந்து நிமிடம் நடந்தால் அரை மணி நேரம் வந்துவிடுகிறது.

சர்க்கரைக்கு மாத்திரை ஏதாவது தொடங்கியிருந்தால், சாதத்தைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளோடு திடீரென்று குறைத்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். உங்கள் கடிதத்தில் மாத்திரை பற்றி எதுவும் இல்லை, அதனால் இதைச் சேர்த்தேன்.

கடைசியாக எடை பார்ப்பது. ஞாயிறு வீட்டில் பிரியாணியா, சாப்பிடுங்கள். ஒரு தட்டு, தயிர்ப் பச்சடி நிறைய. ஆனால் திங்கள் காலை மெஷினில் ஏறாதீர்கள். உப்பு அதிகமான சாப்பாடு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஒரு கிலோ கூடக் காட்டும், அதைப் பார்த்து மனசு விட்டுப்போகும். வாரத்தின் நடுவில் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், அதே மெஷினில் பாருங்கள். மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ இறங்கினால் சரியான வேகம். அடுத்த எச்பிஏ1சி டெஸ்டை மூன்று மாதம் கழித்து எடுங்கள், அதற்கு முன் எடுத்தால் பழைய கணக்கும் கலந்தே வரும். அந்த ரிப்போர்ட்டோடு, இடுப்பளவையும் குறித்து எழுதுங்கள்.