சூடானதும் நின்றுவிடும் அம்பாசிடர்: டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன்

கேள்வி: அப்பா வாங்கிய 1984 அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல் வண்டி என்னிடம் இருக்கிறது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிடம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. இரண்டு மாதம் முன்புதான் காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மாற்றினோம். பழைய டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் பாகம்) கொடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் செட் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். இப்போதைக்கு எதையும் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

சூட்டில் நிற்கிற வண்டியை ஆறவைத்துப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். பட்டறைக்கு இழுத்துப் போய், மெக்கானிக் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது கோளாறு மறைந்திருக்கும். அப்புறம் அவர் ஊகத்தில்தான் பாகம் மாற்றுவார். வண்டி நின்ற இடத்திலேயே, நின்ற ஐந்து நிமிடத்துக்குள் சோதிக்க வேண்டும்.

பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி இந்தப் பழைய பிளக்கில் மாட்டுங்கள். அதன் மரை இன்ஜின் இரும்பில் நன்றாகப் படிய வேண்டும். கையில் பிடிக்காதீர்கள், பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். பொறி நீலமாக, சத்தத்தோடு வந்தால் இக்னிஷன் (பொறி உண்டாக்கும் அமைப்பு) நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ கோளாறு அங்கேதான்.

அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது கண்டென்சர். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், விலையும் குறைவு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைதான் சிபி பாயிண்ட். அது திறக்கும் நொடியில் மின்சாரம் அங்கே தாவி எரியாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சரின் வேலை. உள்ளிருக்கும் காப்பு சூட்டில் கசிய ஆரம்பித்தால் பொறி பலவீனமாகிவிடும். பாயிண்டின் முகம் கறுத்துக் குழிந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். மாற்றும்போது பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்தப் புதுக் காயில். எனக்குச் சந்தேகமே அதன்மேல்தான். மல்டிமீட்டர் இருக்கிற எந்த எலக்ட்ரீஷியனும் இதைப் பார்த்துச் சொல்வார். சாவியை ஆஃப் செய்து, இரண்டு சின்ன முனைகளின் வயர்களையும் கழற்றிவிட்டு, அந்த முனைகளுக்கு நடுவே அளக்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்குச் சுமார் 3 ஓம் வர வேண்டும். 1.5 ஓம் வந்தால் அது பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பாகம்) உள்ள வண்டிக்கான காயில். 12 வோல்ட்டில் 3 ஓம் காயில் 4 ஆம்பியர் இழுக்கும். 1.5 ஓம் காயில் 8 ஆம்பியர் இழுக்கும். காயில் கொதிக்கும், பாயிண்ட் எரியும். கடையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். காயில் சூடாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அது கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நல்ல காயிலும் சூடாகும். வண்டி நின்றதும் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். ஆன் நிலையிலேயே காத்திருந்தால் நல்ல காயிலும் வெந்துபோகலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பொறி நீலமாக வந்தும் வண்டி எடுக்கவில்லை என்றால் இது இக்னிஷன் கோளாறே இல்லை. உங்கள் வண்டியின் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே பொருத்தப்பட்டது. வெயிலில் அதிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகிவிட்டால் கார்புரேட்டருக்குப் போய்ச் சேராது. பழைய டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியது இதனால்தான். நீங்களும் சுற்றிப் பாருங்கள்: அரை மணி நேரம் ஆகாமல் ஐந்து நிமிடத்திலேயே எடுத்தால் பம்பையும் குழாய் போகும் பாதையையும் கவனியுங்கள். துணியிலிருந்து தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் சொட்டக் கூடாது. சொட்டினால் அது தனிக் கோளாறாகிவிடும். இன்றைக்குப் பங்கில் ஊற்றுவது எத்தனால் கலந்த பெட்ரோல். 1984 வண்டியின் பம்புக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் (பெட்ரோலைத் தள்ளும் சவ்வு) அதற்காகச் செய்ததில்லை. பழைய வண்டிக்காரர் என்ன செய்வார் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இப்போது அந்த ‘எக்ஸ்சேஞ்ச்’ பேச்சுக்கு வருகிறேன். அசல் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சந்தையில் தேவை இருக்கிறது. உங்களிடம் பழைய இரும்பு என்று வாங்குவார்கள், சுத்தம் செய்து இன்னொருவருக்கு நல்ல விலைக்கு விற்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து என்னிடம் வந்த ஒருவர் இப்படிக் கொடுத்துவிட்டு, தண்டு ஆடுகிற ஒன்றை ‘புதுசு’ என்று மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய பழைய கோளாறு கடைசியில் கண்டென்சர்தான். பெட்டியில் பெரிய கம்பெனி பெயர் இருந்தாலும் உள்ளே போலி இருக்கலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. விண்டேஜ் என்ற மதிப்பு 50 வயது தாண்டி, அசல் உருவில் இருக்கும் வண்டிக்குத்தான். உங்கள் வண்டிக்கு அது 2034-இல்தான் வரும். இந்த 15-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கிற வண்டிகளைக் காப்பாற்றுகிறவர்களிடம் பணம் மட்டும் வாங்குகிறார்கள். போலிப் பாகத்தைத் தடுக்க யாரும் வருவதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

கண்டென்சர் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். இரண்டையும் ஒவ்வொன்றாக மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடியதில் ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் ஒரு ஸ்குரூ டிரைவரோடு போட்டு வையுங்கள்.