வயல்வாடிக்கு சோலார் கமரா: கோடை வெயிலை நம்பி வாங்காதீர்கள்

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு வயலும் ஒரு மாட்டுப்பட்டியும் இருக்கின்றன. வாடிக்குக் கரண்ட் எடுக்கவில்லை. போன போகம் தண்ணீர்ப் பம்பைக் களவெடுத்துவிட்டார்கள். நாலு கமரா, படத்தைப் பதிந்து வைக்கும் டி.வி.ஆர். பெட்டி ஹார்ட் டிஸ்க்குடன், ரவுட்டர், 100 வாட் பனல் ஒன்று, 100 ஏ.எச். (அம்பியர்-மணி) பற்றரி ஒன்று, இன்வேர்ட்டர் எல்லாம் சேர்த்து ஒரு கடையில் விலை தந்திருக்கிறார்கள். "24 மணித்தியாலமும் ஓடும், யோசிக்காதீங்க" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இந்த செட் மாரியில் மட்டுமல்ல, சித்திரை வெயிலிலும் ஓடாது.

கணக்கைப் பாருங்கள். சாதாரணக் கமரா ஒன்று பகலில் 3 வாட் அளவில் எடுக்கும். இருட்டில் படம் தெரிவதற்கான இன்ஃப்ராரெட் லைட் இரவில் எரியத் தொடங்கினால் 5 வாட்டுக்கு ஏறும். சராசரி 4 வாட் என்று வைத்தால் நாலுக்கும் 16. டி.வி.ஆரும் டிஸ்க்கும் 12, ரவுட்டர் 6. மொத்தம் 34 வாட். பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் இது ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடும் சுமை. 24 மணித்தியாலத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 816 வாட்-மணி. பற்றரிக் கரண்டை 230 வோல்ட் வீட்டுக் கரண்டாக்கும் இன்வேர்ட்டர் சும்மா இருந்தாலே 10 வாட் தின்னும். அதையும் சேர்த்தால் 1,000ஐத் தாண்டிவிடும்.

வரவு எவ்வளவு? நம் பக்கத்தில் நல்ல வெயில் நாளொன்றில் பனல் தன் முழுப் பலத்துடன் வேலை செய்வதற்குச் சமமான நேரம் ஏறக்குறைய 5 மணித்தியாலம். 100 வாட் பனலுக்கு 500 வாட்-மணி. அதில் சூடு, தூசி, வயர் இழப்பு என்று கால்வாசிக்கு மேல் போய்விடும். கையில் கிடைப்பது 350 சொச்சம். செலவு 1,000, வரவு 350. ஈய அமிலப் பற்றரியை அரைவாசிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 100 ஏ.எச்., அதாவது 12 வோல்ட்டில் 1,200 வாட்-மணி, என்று இருந்தாலும் உங்களுக்கு உதவுவது 600 வாட்-மணிதான். முதல் இரவு ஓடும். இரண்டாம் இரவு நடுச்சாமத்தில் நின்றுவிடும். களவெடுக்கிறவனுக்கு அதுதானே வேண்டிய நேரம்.

இதுவரை சொன்னது வெயில் நாள் கணக்கு. மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பகுதி கார்த்திகையிலிருந்து தைக்குள் கொட்டுகிறது. மூன்று நாலு நாள் சூரியனே தெரியாமல் மூடிக்கிடக்கும் காலமும் உண்டு. அப்படியான நாளில் 5 மணித்தியாலக் கணக்கு ஒன்றுக்கு இறங்கிவிடும். கடைக்காரர்கள் கோடையை வைத்து விலை எழுதுவார்கள். நீங்கள் மாரியை வைத்துக் கேளுங்கள்: "ரெண்டு நாள் வெயில் இல்லாவிட்டால் எத்தனை மணித்தியாலம் ஓடும்?" இதற்கு எண்ணில் பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

நாலு கமராவும் நிற்காமல் பதிய வேண்டும் என்றால் இன்வேர்ட்டரை முதலில் தூக்கிவிடுங்கள். டி.வி.ஆர்., கமரா, ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. பற்றரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடப்டர் வைத்துத் திரும்ப 12 ஆக்குவது வீண் வேலை. பற்றரி சார்ஜாகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும் என்பதால் இடையில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் ஒரு கன்வேர்ட்டர் மட்டும் போடுங்கள். இப்படிச் செய்தாலும் 400 வாட் பனலும் 12.8 வோல்ட், 200 ஏ.எச். லிதியம் பற்றரியும் வேண்டும். அந்தக் காசுக்கு எத்தனை பம்ப் வாங்கலாம் என்று நீங்களே பாருங்கள்.

என்னைக் கேட்டால், வாடிக்கு 24 மணித்தியாலப் பதிவே தேவையில்லை. ஆள் வந்தால் உங்கள் போனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு சிம் போடும் 4ஜி சோலார் கமரா இரண்டு போதும். ஒன்று பம்புக்கு, மற்றது பட்டி வாசலுக்கு. தனக்கென்று சின்னப் பனலும் பற்றரியும் அதிலேயே இருக்கும். மற்ற நேரம் தூங்கிக்கொண்டு, உடம்புச் சூடு அசைந்தால் மட்டும் விழித்துப் படம் எடுக்கும்.

வாங்கு முன்னர் சிலவற்றைப் பாருங்கள். கமரா நிற்கப்போகும் அதே இடத்தில் போனை வைத்து வீடியோ கோல் எடுத்துப் பாருங்கள். எந்த சிம்மில் படம் உறையாமல் போகிறதோ அந்த சிம்மை வாங்குங்கள். பெட்டியில் 4ஜி அலைவரிசையைக் காட்டும் எல்.டி.இ. பாண்ட் 3, அதாவது 1800 மெகாஹேர்ட்ஸ், இருக்கிறதா என்று வாசியுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மலிவுச் சாமான்களில் பாண்ட் 2, 4, 12 என்று இருக்கும், இங்கே சரிவராது. "20 மீற்றர் தூரம் பிடிக்கும்" என்று எழுதியிருந்தால் பாதியை நம்புங்கள். மத்தியான வெக்கையில் ஆள் சூடும் மண் சூடும் ஒன்றாகிவிடுவதால் அதுவும் குறையும்.

ஒரு சங்கடமும் உண்டு. மாடு, ஆடு, நாய் எது குறுக்கே போனாலும் கமரா விழித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நிற்க வேண்டிய பற்றரி இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். "ஆட்களை மட்டும் காட்டு" என்ற செட்டிங் மலிவு மொடல்களில் பெரும்பாலும் போனுக்கு வரும் செய்தியைத்தான் குறைக்கும், கமரா விழிப்பதைக் குறைக்காது. ஆகவே பட்டிக்கு உள்ளே பார்க்காமல், ஆள் நுழையும் கடப்பைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். கம்பத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: வெல்லாவெளியில் மெல்லிய ஜி.ஐ. பைப்பில் கட்டினால் கள்ளனுக்கு முன் யானை அதில் முதுகு சொறிந்துவிடும். பக்கத்தில் நல்ல மரம் நின்றால் அதில் உயரத்தில் கட்டுங்கள். ஆனால் இலை நிழல் பனலில் விழக் கூடாது. ஒரு கிளையின் நிழலே சார்ஜைப் பாதிக்கு மேல் குறைக்கப் போதும். பனலைத் தெற்குப் பார்க்க, 10 முதல் 15 பாகை சரித்து வையுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், மழை தூசியையும் கழுவிவிடும்.

கேள்வி: கல்லடியில் இருக்கிறோம். கூரையில் ஒன்-கிரிட் சோலார், அதாவது வெளிக் கரண்ட் லைனுடன் இணைத்தது, போட்டு யூனிட் விற்கிறோம். ஆனால் கரண்ட் போனால் கமராவும் நின்றுவிடுகிறது, பட்டப்பகலிலும்தான். சோலார் பழுதா?

பதில்: பழுதில்லை. லைனில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்காமல் இருக்க, வெளி மின்சாரம் நின்றதும் ஒன்-கிரிட் இன்வேர்ட்டர் தானும் நின்றுவிட வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டபோது கூரையில் பனல் இருந்த பல வீடுகளிலும் ஃபேன் சுற்றாதது இதனால்தான். பற்றரியிலும் ஓடும் பெரிய ஹைப்ரிட் இன்வேர்ட்டர் வாங்கு என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். டி.வி.ஆர்., கமரா, ரவுட்டர் மூன்றுக்கும், கரண்ட் போனதும் தன் பற்றரியில் ஓட்டும் 12 வோல்ட் டி.சி. யு.பி.எஸ். ஒன்று போதும். 12.8 வோல்ட், 20 ஏ.எச். லிதியம் என்றால் ஆறு மணித்தியாலம் தாராளமாக ஓடும். கடலோரம் என்பதால் ஆணி, கிளிப் எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீலில் கேளுங்கள்.

கேள்வி: அக்கரைப்பற்றில் தோட்டத்துக்கு ஒரு சோலார் கமரா செட் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. 330 வாட் பனல். பகலில் படம் நல்லது. மஃரிபுக்குப் பிறகு தூரக் கமரா இரண்டும் அணைந்து அணைந்து எரிகின்றன. பற்றரியும் நிறைவதில்லை. கடைக்காரர் "கமரா கூடாது, புதுசு வாங்குங்கள்" என்கிறார்.

பதில்: கமராவை மாற்றாதீர்கள், வயரைப் பாருங்கள். பொழுது பட்டதும் இன்ஃப்ராரெட் எரிந்து கமரா இழுக்கும் கரண்ட் கூடும். 30 மீற்றருக்கு 0.2 சதுர மில்லிமீற்றர் நூல் வயர் இழுத்திருந்தால், அரை அம்பியர் ஓடும்போது 2.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். கமராவுக்குப் போய்ச் சேர்வது 9.4 வோல்ட். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், இழப்பு இன்னும் கூடும்.

பற்றரி நிறையாததற்கு, பனலுக்கும் பற்றரிக்கும் இடையில் நிற்கும் சார்ஜ் கொன்ட்ரோலரைத்தான் சந்தேகிக்கிறேன். 330 வாட் பனல் 37 வோல்ட்டில் 9 அம்பியர் தருவது. பனலின் வோல்ட்டைப் பற்றரியின் அளவுக்கு இழுத்து இறக்கும் மலிவு வகையான பி.டபிள்யூ.எம். கொன்ட்ரோலரில் அதை 12 வோல்ட் பற்றரிக்குக் கொடுத்தால் அந்த 9 அம்பியர் மட்டும்தான் உள்ளே போகும், அதாவது 120 வாட்டுக்குள். மீதிக்குக் கொடுத்த காசு வீண். கூடுதல் வோல்ட்டை அம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகை வேண்டும். மேலே எம்.பி.பி.டி. என்று அச்சடித்து உள்ளே பி.டபிள்யூ.எம். வைத்த பெட்டிகள் ஏராளம். வெயிலில் மீற்றர் பிடித்துப் பாருங்கள்: பற்றரிக்குப் போகும் அம்பியர் பனலிலிருந்து வருவதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் அது அசல்.

கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், பில்லும் வொரண்டி அட்டையும் வைத்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். தொலைபேசி 1977. பில் தரவில்லை என்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம்.