தண்ணீர் நிற்கும்போதே செடி வாடுகிறதே, ஏன்?

கேள்வி: மூன்று சென்ட் துண்டு நிலத்தில் தக்காளி, கத்தரி, கீரை வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக விடாத மழை. பாத்தியில் தண்ணீர் கட்டி நிற்கிறது. தக்காளியின் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. லேசாக வெயில் அடித்தாலே செடி துவண்டுபோகிறது. யூரியா வைத்துக் கொத்திவிடலாமா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொண்டது. மூச்சு முட்டிய வேரால் பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் உறிஞ்ச முடியாது. இந்த நிலையில் போடும் யூரியா பெரும்பாலும் கரைந்தோடிவிடும்.

முதல் வேலை வடிகால். பாத்திகளுக்கு இடையே ஒரு அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில் வாய்க்கால் எடுங்கள். பத்தடி நீளத்துக்கு ஒரு அங்குலம் சரிவு போதும். பலர் வாய்க்காலைச் சரியாக வெட்டிவிட்டு, வரப்பை உடைத்துவிட மறந்துவிடுகிறார்கள். அப்புறம் அது வாய்க்கால் இல்லை, குட்டை. நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெளிவாய் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். வெட்டிய சேற்றைச் செடியின் தூரில் அணைக்காதீர்கள், தண்டு அழுகும். ஓரமாகக் குவித்துவைத்தால், காய்ந்தபின் பாத்தியை அரையடி உயர்த்த உதவும்.

பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். ஈரமண்ணில் பதியும் ஒவ்வொரு அடியும் மண்ணை இறுக்கும். போகத்தான் வேண்டும் என்றால் பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். கொத்தும் பதம் வந்ததா என்று பார்க்க, ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். களிபோல் நசுங்கினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்தபின் மோசமான செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் மற்றவை தேறிவிடும். வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் அது வேரழுகல். வடிந்தும் வாட்டம் தொடர்ந்தால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டிய முனை மூழ்கப் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல் வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து தேடிச் செலவழிக்க வேண்டாம். வேரோடும் வேர்மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கக்கூடாது.

வேரழுகல் என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்துத் தூரில் ஊற்றலாம். கீரைப் பாத்தி பக்கம் வழியவிடாதீர்கள். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போடும் எண்ணம் இருந்தால் இதோடு சேர்க்கக் கூடாது, தாமிரம் அதையும் கொன்றுவிடும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

மஞ்சளான, ஆனால் வேர் நன்றாக உள்ள செடிகளுக்கு மழை விட்ட மாலையில் லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைத்து இலைவழியாகத் தெளியுங்கள். வேர் தேறும்வரை அதுவே போதும். தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டி, தரையிலிருந்து முக்கால் அடிவரை உள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள். இலைப்புள்ளி நோய்கள் மண் தெறித்துத்தான் மேலேறும். ஈர இலையைத் தொட்டு வேலை செய்தால் உங்கள் கையே நோயைப் பரப்பும். மண்ணின்மேல் வைக்கோல், சருகு என்று மூடாக்கு போட்டிருந்தால் தண்டிலிருந்து மூன்று அங்குலம் விலக்கிவையுங்கள்.

கீரை நாற்று அடியில் நூல்போல் இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். அந்தப் பாத்தியைக் காப்பாற்றப் பார்ப்பதைவிட, மண் ஆறியதும் உயர்த்திய பாத்தியில் நெருக்கமில்லாமல் மறுவிதைப்பு செய்வதே லாபம்.