வேகம் அதேதான், நாடித்துடிப்பு மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: எனக்கு வயது 31, நிறை 70 கிலோ. மரதன் ஓட்டத்துக்காகப் பின்னேரம் மூன்றரைக்குக் கொக்குவிலில் ஓடிப் பழகுகிறேன். தொடக்கத்தில் கைக்கடிகாரம் துடிப்பு 150 என்று காட்டும். ஒரு மணித்தியாலத்தில், அதே வேகத்திலேயே 170 ஆகிவிடும், நெஞ்சு படபடக்கும். இடையில் தண்ணீர் குடிப்பதில்லை. இதயத்தில் ஏதும் பழுதா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பழுது என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் இதயம் குறைந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யப் பாடுபடுகிறது.

வியர்வை நீரில் ஒரு பங்கு இரத்தத்திலிருந்து போகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் கடுமையாக ஓடினால் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம். சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் நிறைய இரத்தம் போகவேண்டும். அப்போது இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும், ஒவ்வொரு துடிப்பிலும் அது தள்ளும் அளவும் குறையும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். துடிப்புக்கு 110 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 150 துடிப்பு என்றால் 16.5 லீற்றர். துடிப்புக்கு 97 மில்லிலீற்றர்தான் என்றால், அதே 16.5 லீற்றருக்கு ஏறக்குறைய 170 துடிப்பு வேண்டும். துடிப்பு ஏற ஏற, இதயம் நிரம்பவும் இதயத்தசைக்கே இரத்தம் கிடைக்கவும் உள்ள நேரம் சுருங்கிவிடும். தண்ணீர் குடித்தாலும் சூட்டில் துடிப்பு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். குடிக்காவிட்டால் இன்னும் ஏறும்.

ஓடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைத் தாகத்தோடு ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய கவலை.

ஓடுமுன்னும், ஓடி முடித்து வியர்வையைத் துடைத்த பின்னும் நிறை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லீற்றர் நீர் போயிருக்கிறது. உங்களுக்கு 1.4 கிலோ, அதாவது 2 வீதத்துக்கு மேல் குறையவிடாதீர்கள். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். நீண்ட ஓட்டமென்றால் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ, அளவாகக் கரைத்த ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூளோ நல்லது. அதற்காக வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிடாதீர்கள். இரத்தத்தில் சோடியம் இறங்கினால் அதுவும் ஆபத்து. ஓடி முடிக்க நிறை கூடியிருந்தால் நீங்கள் குடித்தது அதிகம். முடிந்தால் ஓட்டத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள். துடிப்பு ஏறினால் வேகத்தைக் குறையுங்கள், ஆனால் சடுதியாக நின்றுவிடாமல் கொஞ்ச நேரம் நடவுங்கள். உடனே நின்றால் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரலாம்.

ஓடும்போதே மயங்கினாலோ, துடிப்பு ஒழுங்கில்லாமல் அடித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் யாரும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஈ.சி.ஜி. எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர் போகவைக்கும் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் முதலில் கேட்டுவிட்டே ஓடவேண்டும். வெயிலில் ஓடும் ஒருவர் தடுமாறி, புரியாமல் பேசினால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.