அத்தையின் குழப்பத்துக்கு வயதுதான் காரணமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 78. கோபிசெட்டிபாளையம் அருகே தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். எங்களுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தை மாதத்திலிருந்து இரண்டு முறை விழுந்துவிட்டார். ஒருமுறை விடிகாலையில் பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போகும்போது, இன்னொரு முறை குளியலறையில். எலும்பு முறிவு இல்லை. இப்போது ஒரு வாரமாக நான் விடுப்பு எடுத்து உடன் இருக்கிறேன். பகலில் தெளிவாகப் பேசுகிறவர் பொழுது சாய்ந்ததும் மாறிவிடுகிறார். இறந்துபோன மாமனாரைக் கூப்பிடுகிறார். மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது என்று எழுந்து போகப் பார்க்கிறார். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இரத்த அழுத்தத்துக்கு ஒருவர், முட்டிவலிக்கு வேறொருவர். தினமும் 11 மாத்திரைகள். அதில் ஆஸ்பிரினும் தூக்க மாத்திரையும் உண்டு. ‘வயதானால் அப்படித்தான்’ என்கிறார்கள் ஊரில். மாட்டை விற்றுவிட்டு அவரைத் திருப்பூருக்கு அழைத்து வந்துவிடலாம் என்கிறார் கணவர். முதியோருக்கென்று தனி மருத்துவர்கள் இருக்கிறார்களாமே, அவர்களிடம் போக வேண்டுமா?

பதில்: போகலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று. இதைப் படித்த உடனே, இன்றைக்கே, அத்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதியோர் மருத்துவர் கிடைக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். சி.டி. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனை வசதியும் உள்ள பக்கத்து மருத்துவமனை போதும்.

டிமென்ஷியா என்கிற மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. ஒரே வாரத்தில் வந்து, பகலில் தெளிந்து இரவில் கலங்குவது பெரும்பாலும் அதுவல்ல. இதை டெலிரியம் என்கிறோம். உடம்பில் வேறெங்கோ ஒரு கோளாறு நடக்கிறது. அதைத் தாங்க மாட்டாமல் மூளை தடுமாறுகிறது. சிறுநீரில் கிருமித் தொற்று வந்தால் உங்களுக்கு எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வரும். 78 வயதில் காய்ச்சலே இல்லாமல் இந்தக் குழப்பம் மட்டும் வரலாம். நிமோனியா இருமல் இல்லாமலும், மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வருகிற வயது இது. நான்கு நாள் மலச்சிக்கல்கூடப் போதும். அதனால்தான் ‘வயதானால் அப்படித்தான்’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு மனம் பதறுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடக்கூடிய ஒன்றை, திண்ணையில் உட்கார்ந்து நாமே தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம்.

அங்கே மருத்துவரிடம் இரண்டு செய்திகளை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். ஒன்று, இரண்டு முறை விழுந்ததும் ஆஸ்பிரின் சாப்பிடுவதும். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அங்கே உள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் ஒரு சின்ன அடியிலும் கிழிந்து, வாரக்கணக்கில் சொட்டுச்சொட்டாக இரத்தம் கசியும். விழுந்த அன்று ஒன்றுமே தெரியாது. சி.டி. ஸ்கேன் தேவை என்று நான் சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது, இரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீரை அதிகம் பிரிக்கும் மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தயாசைடு வகை மருந்துகள் முதிய பெண்களுக்கு இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடுவது மிகவும் சாதாரணம். 135க்குக் கீழே போனால் குறைவு. 120ஐ நெருங்கினால் ஆளே மாறிவிடுவார். ஊரில் ‘உப்பு இறங்கிவிட்டது’ என்பார்களே, அதுதான். அதற்காக வீட்டில் உப்புக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அதை வேகமாக ஏற்றுவதும் மூளைக்கு ஆபத்து.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், குழப்பமாகப் பேசும் அந்த நேரத்திலேயே சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் அவர் இருந்தால், உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். இரவில் அரைத் தோசையோடு எழுந்துவிடுகிற பாட்டிகளுக்கு, முன்பு வயிறாரச் சாப்பிட்ட காலத்தில் எழுதிய அதே மாத்திரை அளவு தொடர்ந்துகொண்டே இருக்கும். சிறுநீரகமும் தளர்ந்திருப்பதால் மருந்து உடலில் அதிக நேரம் தங்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ‘நார்மல்’ என்று வந்திருந்தாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். தசை மெலிந்தவர்களுக்கு அந்த எண் குறைத்தே காட்டும்.

இனி அந்த 11 மாத்திரைகள். மூன்று மருத்துவர்களும் அவரவர் நோய்க்குச் சரியாகவே எழுதியிருப்பார்கள். ஆனால் மூன்று சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்து ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பேரன் தன் அப்பாருவை என்னிடம் அழைத்து வந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40. மஞ்சப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால், இரண்டு வெவ்வேறு பெயர்களில் இரண்டு அட்டைகள். இரண்டுக்குள்ளும் ஒரே மருந்து. பெரியவர் மாதக்கணக்கில் இரட்டை அளவு சாப்பிட்டிருக்கிறார். ‘கால் தரையில் பாவவில்லை’ என்று அவர் சொன்னதை எல்லோரும் முதுமை என்றே எண்ணியிருந்தார்கள்.

ஆகவே நீங்களும் ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துப் போங்கள். சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை, லேகியம், கண் சொட்டு மருந்து எல்லாம் சேர்த்து. சளி மாத்திரையைக் குறிப்பாகச் சொல்கிறேன்: அதில் இருக்கும் குளோர்பெனிரமின் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். முட்டிவலி மாத்திரையும், சிலவகை இரத்த அழுத்த மருந்தும், சிறுநீர் பிரிக்கும் மருந்தும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. தூக்க மாத்திரை விழுவதற்கு நேர்வழி. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது; தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அதனாலேயே குழப்பம் வரும், வலிப்பும் வரலாம்.

விடிகாலையில் விழுந்தது எனக்கு இன்னொரு சந்தேகத்தைத் தருகிறது. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மாத்திரையை மாற்றியமைக்க வேண்டும். உட்கார வைத்து மட்டும் அளந்தால் இது ஒருபோதும் தெரியாது.

இந்த அவசரம் தீர்ந்த பிறகு முதியோர் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒவ்வோர் உறுப்பாகப் பிரிக்காமல், நடை, நினைவு, பார்வை, காது, சிறுநீர், உணவு, மனச்சோர்வு, வீட்டில் யார் துணை என்று முழு ஆளையும் பார்ப்பதுதான் அவர்கள் துறை. டாக்டர் வ.செ. நடராஜன் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்குத் தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு மேற்படிப்பும் வந்தது. கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அத்தையை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. கோவையிலோ ஈரோட்டிலோ இத்துறை படித்தவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பொறுமையாக அந்தப் பையைக் கவிழ்த்துப் பார்க்கும் ஒரு பொது மருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற மூவரின் சீட்டும் அவர் கண்ணில் படாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. முதியோருக்கான அரசு உதவிகளைக் கேட்டறிய 14567 என்ற இலவச எண் இருக்கிறது.

மருத்துவமனையில் இரவு உடனிருங்கள். அவருடைய கண்ணாடியை எடுத்துப் போங்கள். மாமனாரைக் கூப்பிடும்போது, ‘அவர் செத்துப் பல வருடம் ஆயிற்றே’ என்று வாதாடாதீர்கள். அந்தத் துக்கம் அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக விழும். கையைப் பிடித்துக்கொண்டு, இது எந்த இடம், நீங்கள் யார் என்று மெதுவாகச் சொல்லுங்கள். கட்டிப்போட விடாதீர்கள்.

திரும்பி வந்தபின் தசையைத் தேற்ற வேண்டும். கஞ்சியும் ரசமுமாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் கால் வலுக்காது. சிறுநீரகம் இடங்கொடுத்தால் கொள்ளுப் பருப்பு, முட்டை, தயிர் தினமும் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை, அருகில் நீங்கள் நின்றுகொண்டு, காலையும் மாலையும் செய்யச் சொல்லுங்கள்.

மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வாரம் அதை முடிவு செய்யாதீர்கள். பழகிய சாளையிலிருந்து பெயர்த்துப் புது வீட்டில் விட்டால், இந்த நிலையில் அவருக்குக் குழப்பம் கூடத்தான் செய்யும். தெளிந்த பிறகு அவரையே கேளுங்கள். கட்டுத்தரைக்குப் போகிற நடைதான் அவருக்கு இத்தனை நாள் உடற்பயிற்சியாக இருந்திருக்கிறது. அவர் வைத்துக்கொள்ள விரும்பினால், வாசலிலிருந்து கட்டுத்தரை வரை இரவெல்லாம் எரியும் விளக்கு ஒன்று போடுங்கள். சாணமும் நீரும் வழுக்கும் இடத்தில் சொரசொரப்பாகக் கல் பாவி, பிடித்துக்கொள்ள இடுப்புயரத்தில் ஒரு மரக்கம்பைக் கட்டுங்கள். விடிகாலையில் பால் கறக்க வேறொருவர் கைகொடுக்கட்டும். தீனி போடுவதை அத்தை பார்த்துக்கொள்ளட்டும்.